மேற்கு மதிலில் ஆக்கிரமிப்பு

"உங்க மனைவி எங்க கோட்டையில இருக்காங்க சார். வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

போனில் பேசியவர் கோட்டைப் பாதுகாப்பு வாரியத்தின் உதவியாளர். மரியாதையான குரல். நான் அப்போது இருமல் மருந்துப் பாட்டில்களில் காலாவதித் தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்துக் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை.

"அவ போன வருஷம் இறந்துட்டா," என்றேன்.

"தெரியும் சார். அதனாலதான் உங்களக் கூப்பிடுறோம். உயிரோட இருந்தா நாங்களே வெளிய அனுப்பியிருப்போமே."

கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா? எங்க யூனிஃபார்மோடயே நிக்கிறாங்க. இது ஆக்கிரமிப்புப் பிரிவுல வருது. நெருங்கின சொந்தம்ங்கிறதால உங்களுக்கு முதல்ல சொல்றோம். நாளைக்கு வந்தா நல்லது. அடுத்த வாரம் இயக்குநர் ஊர்ல இல்ல."

என் மனைவி அந்தக் கோட்டையில் வழிகாட்டியாக இருந்தாள். துறைமுகத்தை ஒட்டி, பாதிக் கால் தண்ணீரில் நனைய நிற்கும் இடைக்காலக் கோட்டை அது. கடல்வழியாக வருகிறவர்களைத் தடுக்கக் கட்டியது. இப்போது தரைவழியாக வருகிறவர்களை வாசலில் வரிசையில் நிறுத்துகிறது. வாரியத்துக்கு நிறைய விதிகள் உண்டு. அவற்றில் முதலாவது, வழிகாட்டி எக்காரணம் கொண்டும் பார்வையாளருக்கு முதுகு காட்டக்கூடாது என்பது. அந்தக் காலத்தில் கோட்டைத் தளபதிக்கு யாரும் முதுகு காட்ட மாட்டார்களாம். தளபதி போய்ச் சேர்ந்துவிட்டார். மரியாதை மிச்சமிருந்தது. அதை டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே வழிகாட்டிகள் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடப்பார்கள். படி ஏறும்போதும் அப்படித்தான், இறங்கும்போதும் அப்படித்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில் வீட்டில் பழகினாள். சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பின்பக்கமாக நடந்து வருவாள். கோட்டையின் வரலாறு முழுவதையும் அப்படித்தான் நான் கேட்டேன். நான் அவளுக்குப் பின்னால் நின்று "சோபா" என்பேன், "செருப்பு" என்பேன். விலகிக்கொண்டு, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவாள்.

மேற்கு மதிலின் மேல்தளத்தில் ஓரிடத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது. பழைய முற்றுகை ஒன்றில் இடிந்தது. இடைக்காலத்து இடிபாடு என்பதால் அதைத் தொடக்கூடாது, அருகில் புதிதாக எதுவும் வைக்கவும் கூடாது. மழை தூறிய ஒரு பிற்பகலில் அவள் ஒரு குழுவுக்கு அந்த முற்றுகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தாள். சொல்லி முடிக்கவில்லை.

பிறகு அவள் எங்கே இறந்தாள் என்பதில் சிக்கல் வந்தது. கோட்டையை விட்டுப் போகும்போது உயிரோடுதான் போனார், இறந்தது தண்ணீரில், தண்ணீர் துறைமுகத்துடையது என்றது வாரியம். எங்கள் தண்ணீருக்கு வருகிற எதுவும் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும், இவர் சொல்லவில்லை, எனவே வரவில்லை என்றது துறைமுகம். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் அவள் எங்குமே சாகாமல் செத்துப்போயிருந்தாள். வாரியத்தின் இரங்கல் செய்தி, 'வாரிய எல்லைக்கு வெளியே ஏற்பட்ட தங்கள் இழப்புக்கு' என்று தொடங்கியது. மருத்துவமனையில் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்கவில்லை.

அன்று மாலை மாமியாருக்குப் போன் செய்தேன்.

"அவ கோட்டையிலதான் இருக்காளாம்," என்றேன். "கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

"நல்லா இருக்காளாமா மாப்பிள்ளை?"

"கேக்கல."

"என்ன போட்டுருக்காளாம்?"

"யூனிஃபார்ம்."

"இன்னுமா?" என்றார் மாமியார். "உயிரோட இருந்தப்பதான் ஒரு நாளாவது நேரத்தோட விட்டானுங்களா? பாவிங்க. போய்க் கூட்டிட்டு வாங்க மாப்பிள்ளை. வர மாட்டேன்னு அடம்பிடிப்பா. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சரி என்றேன். கூட்டிக்கொண்டு வர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒருமுறை அவளைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் கோட்டை வாசலில் என்னை எந்த வரிசையில் நிறுத்துவது என்று காவலாளிக்குத் தெரியவில்லை. நான் பார்வையாளர் இல்லை. ஊழியரும் இல்லை. கடைசியில் 'சரக்கு' என்று எழுதியிருந்த சின்னக் கதவு வழியாக விட்டார். உள்ளே அழைத்துப்போக ஓர் இளம் வழிகாட்டி வந்தாள். என் மனைவியோடு வேலை பார்த்தவள்.

"வாங்கண்ணா," என்றாள். உடனே பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

"எனக்கு வேண்டாம்மா. நேரா நட."

"கேமரா இருக்குண்ணா."

நடைக்கூடம் ஈரமாக இருந்தது. சுவரிலிருந்து உப்பு பூத்து உதிர்ந்தது. எங்கோ கீழே கடல் கல்லில் மோதும் சத்தம், யாரோ கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல, விட்டு விட்டுக் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தபடி நடந்தாள். வளைவு வரும்போது மட்டும் தோளை லேசாகச் சுவரில் உரசித் திசை பிடித்தாள்.

"அக்கா யார் கண்ணுக்கும் தெரியறதில்லண்ணா," என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஓரத்துக்குப் போறவங்களுக்கு மட்டும்தான். செல்ஃபி எடுக்கறேன்னு பின்னாலயே போவாங்க பாருங்க, இன்னும் ஒரே ஒரு எட்டுன்னு இருக்கறப்போ, பின்னால யாரோ 'சார்'னு கூப்பிடுவாங்களாம். திரும்பினா அக்கா நிக்கிறாங்களாம். தரை இல்லாத பக்கம்."

"நீ பாத்தியா?"

"ம்." ஒரு வளைவில் தோளை உரசித் திரும்பினாள். "மழையில. பேசிட்டே போயிட்டேன். 'படி முடிஞ்சிருச்சும்மா'ன்னாங்க. எப்பவும் சொல்ற மாதிரியே. நானும் பழக்கத்துல 'சரிக்கா'ன்னுட்டு முன்னால வந்துட்டேன். வந்ததுக்கப்புறம்தான் காய்ச்சல்."

"அவ உன்கிட்ட வேற ஏதாவது..."

"இல்லண்ணா. டூட்டில இருந்தாங்க."

இயக்குநரின் அறைக்குப் போகும் வழியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். வெல்வெட் கயிறு கட்டிய ஒரு நாற்காலி, ஒரு மெழுகுவத்தித் தாங்கி, ஒரு மின்விசிறி. தளபதியின் மனைவியின் ஆவிக்கு ஒதுக்கிய அறை. போருக்குப் போன கணவனின் கப்பலுக்காக இன்றும் காத்திருக்கிறாள் என்று வாரியம் அச்சிட்ட கையேடு சொல்கிறது. ஆவி நடமாட்டம் உள்ள கோட்டை என்ற தகுதி இவளால் கிடைத்ததுதான். இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மின்விசிறி எதுக்கு?" என்றேன்.

"மேலிடத்துல இருந்து ஆய்வுக்கு வந்தாங்கண்ணா. ஊழியர் அறையில அடிப்படை வசதி இல்லைன்னு குறை எழுதிட்டுப் போனாங்க."

இயக்குநரின் அறை கோபுரத்தின் உச்சியில் இருந்தது. ஜன்னலில் துறைமுகக் கிரேன்கள் கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தன. அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். பக்கத்தில் வாரியத்தின் வரலாற்று ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். போனில் பேசிய உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் இயக்குநர். "உங்க மனைவி மேல எனக்குத் தனிப்பட்ட முறையில எந்த வருத்தமும் இல்ல. சின்சியரான பொண்ணு. விழுறப்பகூட முதுகு காட்டல. குழுவுல இருந்தவங்க எல்லாருமே சொன்னாங்க. பாராட்டுச் சான்றிதழ் குடுக்கலாம்னு நானே பேசினேன். ஆனா குடுத்தா பணி நேரத்துல விழுந்தாங்கன்னு ஆயிடும். அதனால உங்களுக்குத்தான் சங்கடம்."

"எனக்கா?"

"எல்லாருக்கும்."

அவர் தண்ணீரைக் குடித்தார். அது எனக்கு வைத்த தண்ணீர்.

"இப்ப பிரச்சினை என்னன்னா, இந்தக் கோட்டையில ஆவிக்கு அனுமதிச்ச பணியிடம் ஒண்ணுதான். அதுல தளபதி மனைவி இருக்காங்க. உங்க மனைவி அனுமதி இல்லாம இருக்காங்க. அதுவும் பார்வை நேரத்துல, டிக்கெட் வாங்கினவங்க முன்னால, எங்க யூனிஃபார்ம்ல. ஜனங்க வாரிய ஊழியர்னே நெனைக்கிறாங்க."

"ஊழியர்தானே சார்."

"இருந்தாங்க. ஐடி கார்டைத் திருப்பித் தரல. அது தனி விஷயம், அதை நான் பெருசு பண்ணல."

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "கொள்கை அளவுல ஒரு சிக்கல் இருக்கு. ஆவி, உயிர் பிரிஞ்ச இடத்துலதான் தோன்றும். வேற எங்கயும் தோன்றாது. தளபதியோட மனைவி இந்தக் கோட்டையிலதான் இறந்தாங்கன்னு நிரூபிக்க நானே எழுதினது. கையேட்டுல வந்திருச்சு. எல்லா மொழியிலயும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா, உங்க மனைவி மதில் மேல தோன்றினா, மதில் மேலதான் இறந்தாங்கன்னு ஆகும்."

இயக்குநர் அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய அடுத்த பதவி உயர்வு ஒத்திப்போனது.

"இந்தக் கோட்டையில ஒரு உயிர்கூடப் போனதில்ல," என்றார் இயக்குநர் என்னிடம், மெதுவாக. "அதுதான் எங்க பெருமை. முற்றுகையில செத்தவங்களக்கூட வாசலுக்கு வெளிய செத்ததாத்தான் நாங்க போட்டு வெச்சிருக்கோம். ஒருத்தர் செத்தார்னு ஆனா, உடனே பாதுகாப்புச் சட்டம் வரும். கைப்பிடி வைக்கச் சொல்லும். இரும்புல. இடைக்கால மதில்ல இரும்புக் கைப்பிடி! அந்தக் காலத்து ஜனங்க எப்படி விழுந்தாங்களோ அப்படியே விழற வாய்ப்ப நாம அடுத்த தலைமுறைக்குக் குடுக்க வேண்டாமா? பாரம்பரியம்னா என்ன சார்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"அளந்து பாத்துடலாம்," என்றார். "அவங்க நிக்கிறது உள்ளயா வெளியவான்னு. வெளியன்னா துறைமுகத்தோட தலைவலி."

மேற்கு மதிலுக்கு எல்லோருமாக ஏறினோம். துறைமுக அதிகாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில், எதற்கும் தயாராக. அவர் அழைத்து வந்திருந்த சர்வேயர் டேப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையின் விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கோட்டை. அந்தப் பக்கம் துறைமுகம், அதாவது காற்று, அதற்கு வெகு கீழே தண்ணீர்.

காற்று உப்பும் டீசலுமாக அடித்தது. ஒரு கப்பல் நீளமாக ஊதியது. இடிந்த இடத்தில் கற்கள் பல்போன ஈறு மாதிரி இருந்தன. நான் அங்கே வருவது அதுவே முதல்முறை. அவள் இருந்த காலத்தில் என்னை வரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கூட்டம்.

சர்வேயர் டேப்பின் நுனியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, அளவைப் படித்தபடி பின்பக்கமாகப் போனார். கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவரே போட்டது. ஆனாலும் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நின்றுவிட்டார். யாரோ கூப்பிட்டதுபோலத் தலை திரும்பியது. அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. யாருக்கோ வழி விடுவதுபோல ஒதுங்கி, மெல்ல உள்ளே வந்தார். டேப் சரசரவென்று சுருண்டு பெட்டிக்குள் போனது.

நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று மட்டும்தான் இருந்தது.

"எங்க நின்னாங்க?" என்றார் இயக்குநர்.

"முன்னாடி சார். மூஞ்சிக்கு நேரா."

"கோட்டுக்கு உள்ளயா, வெளியவா?"

"தெரியல சார்."

"கால் எங்க இருந்துச்சு? அதப் பாத்துச் சொல்லுய்யா!"

"கால் இருந்தாத்தானே சார் பாக்கறதுக்கு," என்றார் சர்வேயர். உட்கார்ந்துவிட்டார்.

துறைமுக அதிகாரி சிரித்தார். "கால் இல்லைன்னா எங்க எல்லைக்குள்ள வந்ததா எடுத்துக்க முடியாது. எங்க விதிப்படி எது வந்தாலும் எங்கயாவது தொட்டாத்தான் வந்ததா அர்த்தம்."

"அப்ப எங்க எல்லையிலயும் தொடலையே!" என்றார் இயக்குநர்.

நான் சர்வேயரிடம் போனேன். "எப்படி இருந்தா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் யார் என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"களைச்சுப்போய் இருந்தாங்க தம்பி," என்றார்.

இயக்குநர் என் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப்போனார். தளபதி மனைவியின் அறையைத் திறக்கச் சொல்லி, அங்கே வைத்துப் பேசினார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. வெல்வெட் கயிற்றைத் தாண்டி அவரே உட்கார்ந்துகொண்டார்.

"மனசுவிட்டுப் பேசறேன். கூட்டிட்டுப் போக உங்களால முடியாது. எனக்குத் தெரியும். துரத்தறதுக்கு எங்களுக்கும் வழி இல்ல, அதுக்கு டெண்டர் விட்டா பேப்பர்ல வரும். ஆனா ஒரு வழி இருக்கு." விரலால் நாற்காலியின் கையைத் தட்டினார். "இந்தம்மா இத்தனை நூறு வருஷமா ஒருநாள்கூட வேலைக்கு வந்ததில்ல. உங்க மனைவிக்கு இடமில்ல, ஆனா தினமும் வர்றாங்க. புரியுதா? அவங்களையே தளபதி மனைவியா வெச்சுக்கலாம். பொறுப்பு ஆவியா."

"அவ என் மனைவி சார்."

"அங்கதான் நீங்க உதவணும். அடையாளம் சொல்ற உரிமை நெருங்கின சொந்தத்துக்குத்தான். நாளைக்கு எல்லார் முன்னாலயும் நீங்க ஓரத்துல போய் நிக்கணும். அவங்க வருவாங்க. 'தெரியுமா'ன்னு கேப்போம். 'தெரியாது'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அப்ப அவங்க இடைக்காலத்து ஆவி. யூனிஃபார்ம், ஐடி கார்டு எல்லாம் பார்வையாளர்களோட கற்பனை. அவங்க இங்கயே இருப்பாங்க. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. உங்களுக்கு ஆயுசுக்கும் இலவச பாஸ். தினமும் வந்து பாக்கலாம். எந்தப் புருஷனுக்குக் கெடைக்கும் சொல்லுங்க?"

"தெரியும்னு சொன்னா?"

"சொன்னா, இங்க செத்ததா ஆகும். கைப்பிடி வரும். கைப்பிடி வந்துட்டா ஓரத்துக்கு யார் போவாங்க? யாருமே போகலைன்னா..." கையை விரித்தார். "அவங்களுக்கு இங்க என்ன வேலை?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் போடவில்லை. அவர் வந்தால் தானாகச் சுற்றும்படி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

தினமும் என்ற சொல்லை வீடு வரை எடுத்துப்போனேன். வேலைக்கு மாற்று நேரம் கேட்கலாம். மதியத்துக்குள் முடித்துவிட்டு வரலாம். ஓரத்துக்கு ஓர் எட்டு முன்னால் நின்றால் போதும். இந்த ஒரு வருடத்தில் நான் எதையும் திட்டமிட்டதில்லை. அன்று திட்டமிட்டேன். கண்ணாடியில் பார்த்து, "தெரியாது" என்று சொல்லிப் பார்த்தேன். சுலபமாக வந்தது.

மறுநாள் மேற்கு மதிலைப் பார்வையாளர்களுக்கு மூடியிருந்தார்கள். இயக்குநர், ஆய்வாளர், துறைமுக அதிகாரி, உதவியாளர் நால்வரும் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சர்வேயர் வரவில்லை. இளம் வழிகாட்டி படிக்கட்டின் தலைப்பில் நின்றாள்.

"போய் நில்லுங்க," என்றார் இயக்குநர்.

ஓரம் வரை நடந்து போய்க் கோட்டின் மேல் நின்றேன். கீழே தண்ணீர் கறுப்பாக ஏறி இறங்கியது. யாரும் வரவில்லை.

"கவனமா நிக்கிறார். அதான்," என்றார் ஆய்வாளர். "கவனமா இருக்கறவங்களுக்கு அவங்க தேவையில்ல. கொஞ்சம் அசட்டையா நிக்கச் சொல்லுங்க."

"சார், கொஞ்சம் அசட்டையா நில்லுங்க!" என்று உதவியாளர் குரல் கொடுத்தார். "ஆனா எச்சரிக்கையா!"

அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே திரும்பி வந்தேன். அவர்கள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். இயக்குநர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். வழிகாட்டி, "அண்ணா!" என்றாள். நடந்தேன். என் மனைவி கடைசியாகப் பார்த்ததையே நானும் பார்த்தேன். ஈரத் தரை, சுவர், சுவரோரம் மனிதர்கள். எல்லாம் நம்மை விட்டு மெதுவாகத் தள்ளிப் போகின்றன. பின்னால் இருப்பது தெரிவதில்லை. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

குதிகாலுக்குக் கீழே தரை முடிவது தெரிந்தது.

"சார்."

திரும்பினேன்.

தரை இல்லாத இடத்தில் அவள் நின்றிருந்தாள். சாம்பல் நிற யூனிஃபார்ம். கழுத்தில் ஐடி கார்டு காற்றில் அசையாமல் தொங்கியது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, விழுந்த நாளின் மழையா கடலா தெரியவில்லை. வலது கையை எனக்குக் குறுக்கே நீட்டி, உள்ளங்கையால் காற்றை உள்பக்கம் தள்ளினாள்.

"இந்தப் பக்கம் இடம் இல்ல சார். குழுவோட சேர்ந்துக்குங்க."

"நான்தான்," என்றேன்.

அவள் சிரித்தாள். வழிகாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும், பல் தெரியாத சிரிப்பு. கண்கள் என் மேல் பட்டு, எனக்குப் பின்னால் இல்லாத கூட்டத்தின் மேல் நகர்ந்து, தலைகளை எண்ணிவிட்டு மறுபடி என்னிடம் வந்தன.

"கேள்வி இருந்தா கடைசியில கேக்கலாம் சார். நடுவுல வேண்டாம்."

"அம்மா உன்ன வரச் சொன்னாங்க."

"உள்ள வாங்க சார். ஈரமா இருக்கு. பாத்து."

"யாராவது இருக்காங்களா?" என்று இயக்குநரின் குரல் கேட்டது. "சொல்லுங்க சார். தெரியுமா, தெரியாதா?"

நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பேன். நான் ஓரத்தில் நிற்கும்வரை அவளால் போக முடியாது. அது எனக்குப் புரிந்தது. நீட்டிய கை அப்படியே இருந்தது. அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. வேலை முடிந்து வந்த இரவுகளில் சோற்றுத் தட்டைப் பிடிக்கும்போது நடுங்கும் அதே நடுக்கம். பார்வையாளர் உள்ளே வராமல் கையை இறக்கக்கூடாது. சிரிப்பு மாறவில்லை. அவள் களைத்திருந்தாள். நாளைக்கும் நான் வருவேன். நாளை மறுநாளும். நானும், செல்ஃபி எடுக்க வருகிற ஊர் முழுவதும்.

"தெரியும்," என்றேன்.

"என்ன?"

"என் மனைவி. இங்கதான் விழுந்தா. இந்த மதில் மேலதான் செத்தா."

"யோசிச்சுச் சொல்லுங்க சார்!"

"யோசிச்சாச்சு."

துறைமுக அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கேட்டீங்கள்ல? எல்லாரும் கேட்டீங்கள்ல? மதில் மேல. கோட்டையில. தண்ணியில இல்ல." அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் அவள் சாவை ஏற்றுக்கொண்டு பேசிய முதல் அதிகாரி அவர்தான்.

நான் ஓர் எட்டு உள்ளே வைத்தேன். அவள் கை இறங்கியது. "நன்றி சார்," என்றாள். அவள் திரும்பிப் போவதைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். திரும்பவில்லை. என்னைப் பார்த்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக, அவளுக்குப் பின்னாலிருந்த கடலும் கிரேன்களும் அவள் வழியாகத் தெரிய ஆரம்பித்தன. பிறகு அவை மட்டும் தெரிந்தன.

கைப்பிடி வைக்க அதிக நாள் ஆகவில்லை. இரும்பில்தான் வைத்தார்கள். அதற்கு முன் ஆய்வாளர் இரவு பகலாக உழைத்து, அதே இடத்தில் இடைக்காலத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி இருந்ததற்கான சான்றைக் கண்டுபிடித்துவிட்டார். ஆகவே அது பாதுகாப்பு ஏற்பாடு ஆகவில்லை, புனரமைப்பு ஆனது. திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். இயக்குநர் ரிப்பன் வெட்டிப் பேசினார்.

"நம் முன்னோர்கள் பாதுகாப்பில் எவ்வளவு அக்கறை காட்டினார்கள் என்பதற்கு இந்தக் கைப்பிடியே சாட்சி. நடுவில் வந்த சில நூற்றாண்டுகள்தான் அலட்சியமாக இருந்துவிட்டன. வாரியம் அவற்றை வன்மையாகக் கண்டிக்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். வழிகாட்டிகள் பார்வையாளருக்கு முதுகு காட்டாமல் நடக்கும் விதியை இனி இன்னும் உறுதியாகக் கடைப்பிடிக்கலாம் என்றும், விழத்தான் வழியில்லையே என்றும் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள். இளம் வழிகாட்டி தட்டவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா வர்றதில்லண்ணா. நான் தினம் நின்னு பாக்கறேன்."

"இனிமே பாக்காத."

"சரிண்ணா." பிறகு, "நீங்க?" என்றாள். அவள் குழுவிடம் போனாள், என்னைப் பார்த்தபடியே, பின்பக்கமாக.

கூட்டம் கீழே இறங்கிய பிறகு கைப்பிடியருகே போனேன். பெயின்ட் முழுவதும் காயவில்லை. பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. நல்ல வேலை. எட்டி எட்டிப் பார்த்தேன். உடம்பில் பாதி வெளியே போகும்வரை குனிந்தேன். இரும்பு வயிற்றில் அழுந்திப் பிடித்துக்கொண்டது. கடல் ஏறி இறங்கியது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

"சார்."

திரும்பினேன்.

ஒரு புதுமணத் தம்பதி. கணவன் கையில் போன்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா சார்? ஒரு படம் எடுத்துக்கறோம்."

தள்ளிக்கொண்டேன்.